வெள்ளை டப்பாவில் சிவப்பு வந்தது குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் உடம்பளவில் நலம். மனசளவில் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. சம்பந்தியம்மாளின் முழங்கால் வலி தேவலையா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் மகனை, அதாவது என் மாப்பிள்ளையை, நான் இதுவரை ஒரு வார்த்தை குறைவாகப் பேசியது கிடையாது. பேசியிருந்தால் என் வீட்டில் எனக்கே சோறு கிடைத்திருக்காது. அது வேறு விஷயம். நானும் அவரும் ஒரே பெயின்ட் கம்பெனியில் வேலை செய்கிறோம் என்பதும், நான் லேபிள் பிரிவுக்குத் தலைவன் என்பதும், அவர் அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதும் தாங்கள் அறிந்ததே. கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் வந்து நின்று, "ஒண்ணுமில்ல சார், ஒரு தடவ அணைச்சுப் போடுங்க" என்று பதவிசாகச் சொல்லிவிட்டுப் போகும் பிள்ளை, இவனுக்குக் கொடுத்தால் பெண் நிம்மதியாக இருப்பாள் என்று நம்பித்தான் கொடுத்தேன். பெண் நிம்மதியாகத்தான் இருக்கிறாள். நான்தான் இல்லை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். போன மாதம் பராமரிப்பு என்று சொல்லி ஆலை முழுவதும் மின்சாரத்தை நிறுத்தி, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார்கள். மறுநாள் காலையில் நான் மாடியில் என் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல வெள்ளை பெயின்டுக்கான லேபிள்களை, வெள்ளை வரிசையில் இருக்கிற பிரிண்டருக்கு, அந்தப் பிரிண்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்து, இருமுறை சரிபார்த்து அனுப்பினேன். அந்த லேபிள்கள் வெள்ளை வரிசைக்குப் போகவில்லை. சிவப்பு வரிசையில் இருக்கிற பிரிண்டரிலிருந்து வெளியே வந்தன. வந்ததை அங்கிருந்த இயந்திரம் சிவப்பு டப்பாக்களில் வரிசையாக ஒட்டியது. இயந்திரத்துக்குப் படிக்கத் தெரியாது, மன்னித்துவிடலாம். ஆனால் அந்த வரிசைக்கு ஒரு ஃபோர்மேன் இருக்கிறார். அவர் பேசினால் பக்கத்து ஷெட்டில் தகரம் அதிரும் என்பதால் எல்லோரும் அவரை "இடி" என்போம். "ஏம்ப்பா, செவப்பு டப்பாவுல வெள்ளைன்னு ஒட்டுதே, பாக்க மாட்டியா?" என்று பிறகு கேட்டதற்கு, "லேபிள் ஒட்டுதான்னுதான் சார் பாப்பேன். என்ன எழுதியிருக்குன்னு பாக்கறது உங்க டிபார்ட்மென்ட்டு" என்று இடித்தார்.

அந்த டப்பாக்கள் ஒரு பல் மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் தன் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டு வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் நான்கு சுவரும் ரத்தச் சிவப்பு. பல் பிடுங்க வந்த ஒரு அம்மாள் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டாளாம். டாக்டர் பெயின்டரைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆலைக்கே வந்துவிட்டார். மேலாளர் அறையில் வைத்து, "செவப்புன்னு கண்ணுக்குத் தெரியலையாய்யா?" என்று அவர் கத்த, அந்தப் பெயின்டர் கொஞ்சமும் பதறாமல், "டப்பாவுல வெள்ளைன்னு போட்டிருந்துச்சு. காஞ்சா வெளுத்துடும்னு நெனச்சேன்" என்றான். இதைக் கேட்டு மேலாளர் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

மேலாளருக்கு அன்று ஏற்கனவே மனசு சரியில்லை. அவர் அறையில் இருக்கிற பிரிண்டர் சில நாட்களாகவே தாள் தாளாகக் கக்கிக்கொண்டிருந்தது. எல்லாம் அர்த்தமில்லாத எழுத்தும் குறியும் கோடும். யாரோ தன்னைச் சங்கேத மொழியில் திட்டி மொட்டைக் கடிதம் அனுப்புவதாக நினைத்து, அதையெல்லாம் அடுக்கி இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார். அது சிவப்பு வரிசைக்குப் போகவேண்டிய லேபிள், வழி தவறி அவரிடம் வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஆக, டாக்டர் ஒரு பக்கம், பெயின்டர் ஒரு பக்கம், திட்டுக் கடிதம் ஒரு பக்கம் என்று கொதித்துக்கொண்டிருந்த மனுஷர் என்னையும் மாப்பிள்ளையையும் ஒன்றாகக் கூப்பிட்டு, "யாரு தப்பு? மாமனாரா, மருமகனா? குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்றார். எல்லோர் முன்னாலும்.

இங்கேதான் சம்பந்தி, தாங்கள் கவனிக்க வேண்டும். நான் நிமிர்ந்து, "சார், நான் சரியான பிரிண்டருக்குத்தான் அனுப்பினேன். நெட்வொர்க்குலதான் கோளாறு" என்றேன். மாப்பிள்ளை என்ன செய்தார்? மடிக்கணினியைத் திறந்தார். "பிங்" என்று ஒன்று இருக்கிறதாம். இங்கிருந்து ஒரு பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தால், அந்தப் பெயருக்குரிய இயந்திரம் "இருக்கேன், இருக்கேன்" என்று பதில் சொல்லுமாம். வெள்ளை வரிசைப் பிரிண்டரின் பெயரைத் தட்டினார். இருக்கேன், இருக்கேன் என்று வரிவரியாகப் பதில் வந்தது. அதை மேலாளர் பக்கம் திருப்பிக் காட்டி, "நெட்வொர்க் நல்லாத்தான் சார் இருக்கு. பிரிண்ட் கொடுக்கும்போது செலக்‌ஷன் மாறியிருக்கலாம்" என்றார். செலக்‌ஷன் மாறியிருக்கலாமாம்! வெள்ளைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் இத்தனை காலம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனா? வெளியே வந்து, என் கம்ப்யூட்டரைத் திறந்து, "பாருங்க மாப்பிள்ள, வெள்ளை வரிசைன்னுதான் காட்டுது" என்றேன். "இப்ப அப்படித்தான் மாமா காட்டும்" என்றார். இப்ப! அந்த "இப்ப"வை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

சரி, ஆலையில் நடந்தது ஆலையோடு போகட்டும் என்று வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிட மோசம். மகளும் மாப்பிள்ளையும் மாடியில் இருந்தாலும் சாப்பாடு எல்லோருக்கும் கீழேதான் என்பது தங்களுக்குத் தெரியும். நான் வாய் திறக்குமுன்பே என் மகள், நான் பெற்று வளர்த்து, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவள் இடித்த சுவருக்கெல்லாம் நான் போய் மன்னிப்புக் கேட்ட அதே மகள், "அப்பா, நீங்க கண்ணாடி போடாம அமுக்கியிருப்பீங்க. விடுங்கப்பா, இதுக்குப் போய்" என்கிறாள். நான் கண்ணாடி போட்டிருந்தேன் சம்பந்தி. அவள் சொல்லும்போதும் போட்டிருந்தேன். என் மனைவியோ? மாப்பிள்ளைக்கு முதலில் பரிமாறினாள். அதிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அன்றையிலிருந்து மாப்பிள்ளையும் நானும் நேருக்கு நேர் பேசவில்லை. "தண்ணி வேணுமான்னு கேளு" என்று நான் மகளிடம் சொல்வேன். "போதும்னு சொல்லு" என்று அவர் சொல்வார். நடுவில் அவள், தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் முறைத்துப் பார்த்துவிட்டுத் தானே குடித்துவிடுவாள்.

இப்படியே போயிருக்கும். நான்தான் பொறுக்கமுடியாமல் ஒரு நாள் வெள்ளை வரிசைக்கு இறங்கிப் போய், அந்தப் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இனிமேல் இதற்கு ஒரு முடிவு தெரியாமல் இதைப் போடுவதில்லை என்று. எனக்கே அது சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரிந்தது, ஆனால் பிடுங்கியாகிவிட்டது. இடி எங்கிருந்தோ பார்த்துவிட்டுத் தகவல் கொடுக்க, மாப்பிள்ளை மடிக்கணினியோடு ஓடி வந்தார். வந்தவர் என் கையில் இருந்த பிளக்கைக் கவனிக்காமல் தரையில் உட்கார்ந்து பிங்கைத் தட்டினார்.

"நல்லாத்தானே மாமா இருக்கு? பதில் சொல்லுதே."

"எது?"

"இந்தப் பிரிண்டர்தான்."

நான் பிளக்கை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இதுவா பதில் சொல்லுது?"

அவர் பிளக்கைப் பார்த்தார். பிரிண்டரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரையில் இருக்கேன், இருக்கேன் என்று வந்துகொண்டே இருந்தது. மூச்சு நின்று கிடக்கிற இயந்திரத்தின் பெயரில் வேறு எவனோ குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறான்! சம்பந்தி, மாப்பிள்ளையின் முகம் அப்போது போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. "மாமா..." என்றார். நேராக என்னிடம். இத்தனை நாளில் முதல்முறையாக முகம் பார்த்து. "செத்த நேரம் அதைப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு வரிசைக்கு ஓடினார். இடி "யாருய்யா அது?" என்று கூச்சலிடுவதற்குள் அங்கிருந்த பிரிண்டரை அணைத்தார். பதில் நின்றுபோனது.

விஷயம் இதுதான். தாங்கள் ஆயுசு முழுவதும் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர், என்னைவிடத் தங்களுக்கு நன்றாகப் புரியும். எங்கள் ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பெயர் உண்டு, அது மாறாது. ஓர் எண் உண்டு. அது வாடகை வீடு மாதிரி, அணைத்துப் போட்டால் மாறினாலும் மாறும். எந்தப் பெயர் இப்போது எந்த எண்ணில் குடியிருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு சர்வர் இருக்கிறது, டி.என்.எஸ். என்கிறார்கள். இயந்திரம் வீடு மாற்றினால் அங்கே பதிவு தானாக மாறவேண்டும். மாறவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டபோது வெள்ளை வரிசைப் பிரிண்டர் வேறு எண்ணுக்குக் குடிபோயிற்று. அது காலி செய்த எண்ணுக்குச் சிவப்பு வரிசைப் பிரிண்டர் குடிவந்தது. சிவப்பு காலி செய்த எண்ணுக்கு மேலாளர் அறைப் பிரிண்டர். பதிவு மட்டும் பழையபடியே. நான் வெள்ளையின் பெயருக்கு அனுப்பியதெல்லாம் பழைய விலாசத்துக்குப் போக, புதிதாகக் குடிவந்தவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். தங்கள் தபால் நிலையத்தில் இப்படி ஒரு தபால்காரர் செய்திருந்தால் தாங்கள் விட்டிருப்பீர்களா? ஒரு போஸ்ட்மாஸ்டர் பெற்ற பிள்ளையின் பொறுப்பில் விலாசம் மாறாமல் கிடந்தது என்றால், இதை நான் எங்கே போய்ச் சொல்வது?

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதானே? அதுவும் நடக்கவில்லை. பழைய பதிவை எழுதியது முன்பு இருந்த ஒரு சர்வராம். அதைக் கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டு, மேலே துடைப்பம் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது எழுதிய பதிவு அதற்கே சொந்தம். புதிதாக வந்த சர்வர் அதில் கை வைக்கப் போனால் "உனக்கு அனுமதி இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வருகிறது. படிக்கட்டுக்கு அடியில் கிடக்கிறவனுக்கு இருக்கிற மரியாதை மாடியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இல்லை. மாப்பிள்ளை ஒவ்வொரு பதிவாகப் பார்த்துச் சொந்தத்தை மாற்றி, தவறானதை அழித்து, ஒவ்வொரு மேசையாகப் போய் அந்தந்தக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்த பழைய விலாசத்தையும் மறக்கடித்தார். என் மேசைக்கு வந்தபோது, "மாமா, ஒரு நிமிஷம் எந்திரிங்க" என்றார். எழுந்தேன். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எழுந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இளரத்தம், நிறுத்தவில்லை. "இனிமே இந்தப் பிரச்னையே வராது மாமா" என்று சொல்லி, நெடுநாளாகப் புதுப்பிக்காத பதிவுகளைத் தானாகவே கூட்டிப் பெருக்கித் தள்ளும் ஏதோ ஒரு வசதியைப் போட்டுவிட்டார். அது மறுநாள் காலைக்குள் பெருக்கித் தள்ளிவிட்டது. குப்பையை மட்டுமா? வாசலில் நாங்கள் விரல் வைக்கும் வருகைப்பதிவு இயந்திரத்தையும் சேர்த்து! அதற்கு எண் மாறுவதே இல்லையாம், அதனால் அது புதுப்பித்ததே இல்லையாம், அதனால் செத்துப்போனதாகக் கணக்காம், அதன் விலாசமே அழிந்து நாங்கள் விரல் வைத்தது எங்கும் போய்ச் சேரவில்லையாம். நான் விரல் வைத்தேன். இடி விரல் வைத்தார். மேலாளர் விரல் வைத்தார். சாயங்காலம் பார்த்தால் ஆலையில் ஒருவர்கூட வரவில்லை என்று அறிக்கை. ஜுரத்தோடுகூட வேலைக்குப் போனவன் நான். என் பெயருக்கு நேராக "வரவில்லை" என்று பார்க்கும்படி ஆயிற்று. மேலாளர் தன் பெயருக்கு நேராகவும் அதையே பார்த்தார். உடனே மாப்பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. வெளியே வந்த மாப்பிள்ளை என்னைக் கடந்து போனபோது, "பேசிட்டேன் மாமா" என்றார். அவ்வளவுதான். என்ன பேசினார், என் பெயரை எடுத்தாரா, ஒன்றும் கிடையாது. இவர் வாயிலிருந்து தெளிவாக ஒரு வார்த்தை வருவதற்குள் எனக்குப் பல் விழுந்துவிடும். அதைக் கட்டவும் அந்தச் சிவப்பு மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். மேலாளர் இன்னும் என்னைப் பார்த்தால் வெள்ளை, சிவப்பு என்று கையைக் காட்டிச் சிரிக்கிறார். வீட்டில் மகள் என் கண்ணாடியைத் தினமும் துடைத்து வைக்கிறாள். பரிவாகத் துடைக்கிறாளா, குத்திக் காட்டத் துடைக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே சம்பந்தி, நான் தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தாங்கள் தங்கள் மகனைக் கூப்பிட்டு, தகப்பன் என்ற முறையில், மேலாளர் முன்னால் போய் "எங்க மாமா மேல தப்பில்ல" என்று ஒரே ஒரு வாக்கியம், டி.என்.எஸ். எதுவும் கலக்காமல், சாதாரண மனிதருக்குப் புரிகிறாற்போல் சொல்லச் சொல்லவேண்டும். அதற்கப்புறம் நான் அவரோடு பேசுவேன். அதுவரை தண்ணீர் மகள் வழியாகத்தான் போகும். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. நிதானமாக, நன்றாக யோசித்து, கோபமாக எழுதுகிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தையும், தங்கள் இளைய மகளுக்கும் அவள் குழந்தைக்கும் எங்கள் ஆசிகளையும் சொல்லவும். எல்லோரும் குறைவில்லாமல் நீடூழி வாழவேண்டும். தங்கள் மகனும்தான்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள, ஆனால் மிகவும் புண்பட்டுள்ள
சம்பந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் இடி வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று அவர் ரகசியம் பேசியதில் தெருவே கேட்டுவிட்டது. மாப்பிள்ளையை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திய அன்றைக்கு இவர் கையெழுத்து வாங்க மேலாளர் அறைக்குள் நின்றிருந்தாராம். "ஒங்க மாப்பிள்ள முழுப் பழியையும் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டார் சார். லேபிள் சார் மேல ஒரு பிசகும் இல்ல, பிங்கை நம்பி அவரைச் சந்தேகப்பட்டதும் நான்தான்னு சொன்னார். மேனேஜருக்கு ஒரு எழவும் புரியல. அப்ப நீ கெளம்புப்பா, வெளி ஆளை வெச்சுப் பாத்துக்கறோம்னுட்டார்" என்றார். மாதக் கடைசியோடு வேலை இல்லையாம். இதை வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடாமல், தண்ணீர் போதும்னு சொல்லு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் தங்கள் மகன்!

கவரை ஒட்டாமல் அப்படியே வைத்துவிட்டு, நான் திங்கட்கிழமை காலையில் நேராக மேலாளர் அறைக்குப் போனேன். "சார், பையன் என்னைக் காப்பாத்தப் பாக்கறான். கண்ணாடி போடாம மாத்தி அமுக்கினது நான்தான்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! இதைத்தானே நான் மொதல்லேருந்து சொல்றேன்? அந்தப் பையன் என்னமோ குடி போச்சு, வீடு காலின்னு கதை விட்டான். அந்த விரல் வெக்கிற மெஷினையும் நீங்கதான் எதையோ அமுக்கினீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ இருப்பா" என்று சொல்லிவிட்டார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து ஆரம்பத்தில் உள்ள விசாரிப்பையும் முடிவில் உள்ள ஆசியையும் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளது அத்தனையையும் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். மறுபடி எழுத விரலில் தெம்பு இல்லை. யார் கேட்டாலும் தப்பான பிரிண்டரை அமுக்கியது நான்தான்; தாங்களும் அப்படியே சொல்லவும். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் இப்போது என் கையாலேயே கொடுக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் ஆறவில்லை சம்பந்தி. உண்மையைச் சொன்னபோது ஒரு மாதம் நம்பாத அந்த மனுஷர், பொய்யைச் சொன்னதும் உடனே நம்பி என் தோளைத் தட்டி, "வயசானா சகஜம் சார்" என்கிறார். சகஜமாம்!